சிட்டாவில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர்

என் சித்தப்பா நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார்குடியைச் சுற்றி அவர் வேலை பார்க்காத களம் இல்லை. விவசாயி நெல்லைக் கொட்டியதும் ஒரு கை அள்ளி, நாலைந்து மணிகளை உமியோடு வாயில் போட்டுக் கடிப்பார். கடிபடும் சத்தத்தை வைத்தே ஈரம் இத்தனை என்று சொல்லிவிடுவார். ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தால் அதிகம். ஆனால் பல்லை நம்பி அவர் ஒரு நாளும் பட்டியல் போட்டதில்லை. ஈரப்பதமானி 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால், எதிரில் நிற்பவர் சொந்த மைத்துனராகவே இருந்தாலும், "காய வைத்துக் கொண்டுவாருங்கள் மாப்பிள்ளை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். காகிதத்திலும் அதே கெடுபிடிதான். நிலம் யார் பெயரில் என்று சொல்லும் சிட்டா, பயிர் விவரம் சொல்லும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் மேசையில் விரித்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். சிட்டாவில் ஒரு பெயர், கணக்கில் வேறு பெயர் என்றால் அன்றைக்கு நெல் களத்திலேயே கிடக்க வேண்டியதுதான். இதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகளுக்குக் கணக்கில்லை.

அந்த மனிதர்தான் போன மாசியில் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாயை ஒரு முகத்தைப் பார்த்து இழந்தார்.

சமூக ஊடகம் ஒன்றில் விளம்பரமாக வந்த ஒரு நிமிடக் காணொளி அது. மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். அரசு ஆதரவில் புதிய முதலீட்டுத் திட்டம் தொடங்கியிருக்கிறது, 21,000 ரூபாய் போட்டால் மாதாமாதம் லட்சக்கணக்கில் வரும் என்று தமிழில் சொல்கிறார். அமைச்சர் மதுரையில் பிறந்தவர், தமிழ் பேசுபவர். ஆகவே அவர் தமிழில் பேசுவது சித்தப்பாவுக்கு வியப்பாக இல்லை. இதே முகத்தை வைத்து இதே ரகக் காணொளிகள் பலமுறை வந்ததும், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அவற்றைப் போலி என்று பலமுறை அறிவித்ததும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ரிசர்வ் வங்கி ஆளுநர் முதலீட்டு யோசனை சொல்வதுபோலக் காணொளிகள் உலவுவதாக அந்த வங்கியே 2024 நவம்பரில் எச்சரித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தை, தன் தலைமை நிர்வாக அதிகாரி பங்குகளைப் பரிந்துரைப்பதாக வரும் காணொளிகள் போலி என்று சொன்னது. சச்சின் டெண்டுல்கர் ஜனவரியிலேயே, தன் முகத்தில் ஒரு விளையாட்டுச் செயலிக்கு விளம்பரம் ஓடுகிறது என்று புகார் சொல்லியிருந்தார். எந்த முகத்துக்கு மதிப்பு இருக்கிறதோ அந்த முகத்தைத்தான் திருடுகிறார்கள். கொள்முதல் நிலைய எழுத்தரின் முகத்தை யாரும் திருடமாட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். அதுவும் சரியில்லை என்று பின்னால் புரிந்தது. அதற்கு வருகிறேன்.

காணொளிக்குக் கீழே ஓர் இணைப்பு இருந்தது. தொட்டால் செய்தித்தாள் போலவே தோன்றும் ஒரு பக்கம், அதில் பெயரும் கைபேசி எண்ணும் கேட்கும் படிவம். பத்து நிமிடத்தில் ஒரு பெண் அழைத்தார். வார்த்தைக்கு வார்த்தை "ஐயா" போட்டுப் பேசினார். வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே நாற்பது ஐம்பது பேர் காலையும் மாலையும் தங்கள் லாபத்தைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் மோசடிக்காரர்களின் ஆட்கள், அல்லது ஆளே இல்லாத எண்கள். ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். சித்தப்பா போட்ட 21,000 நான்கே நாளில் அதில் 34,000 ஆகத் தெரிந்தது. சந்தேகம் தீர, 5,000 ரூபாயை வெளியே எடுத்துப் பார்த்தார். பணம் உடனே கணக்குக்கு வந்துவிட்டது. தூண்டிலில் புழு அந்த 5,000தான். மறு வாரம் வைப்புத்தொகையை முறித்து 1,80,000 போட்டார். செயலியில் எண் ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனபோது, "முதலில் 36,000 ரூபாய் வரி கட்டுங்கள்" என்றார்கள். அதற்கு நான்காம் நாள்தான் என்னை அழைத்தார்.

இதில் டீப்ஃபேக், அதாவது முகத்தையும் குரலையும் இயந்திரத்தால் போலி செய்த காணொளி, வேலை செய்தது அந்த முதல் ஒரு நிமிடம் மட்டும்தான். மீதி மூன்று வாரமும் நடந்தது பழைய பாணி மோசடி: இனிக்கப் பேசும் குரல், கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்க்கும் குழு, சின்னதாக ஒரு லாபம். அந்தக் காணொளி வாசல் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். கண் சிமிட்டுகிறதா, உதடு ஒத்துப்போகிறதா என்று முகத்தையே உற்றுப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த முகம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால், உற்றுப் பார்ப்பது ஏன் பயன்படாது என்பதும் தெரியும். விளம்பர மோசடிகளில் பெரும்பாலும் முழு முகத்தையும் புதிதாக உருவாக்குவதில்லை. அமைச்சர் எங்கோ உண்மையில் பேசிய உரை ஒன்றின் காணொளியை எடுத்துக்கொள்கிறார்கள். புடவை, மேசை, தலை அசைவு, கண் சிமிட்டல் எல்லாம் அசல். மூக்குக்குக் கீழே, மோவாய் வரைக்கும் உள்ள கையகலப் பகுதியை மட்டும், புதிய குரலுக்கு வாய் அசைவதுபோல இயந்திரம் மீண்டும் வரைகிறது. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இடுப்புக்கு மேலே ராஜாவும் ராணியும் அசல் மனிதர்கள். மனிதக் கால் எங்கே முடிகிறது, கட்டைக் கால் எங்கே தொடங்குகிறது என்பதைக் குதிரைக் கூட்டிலிருந்து தொங்கும் துணி மறைத்துவிடும். பெரும்பகுதி மெய்யாக இருப்பதால் சிறுபகுதிப் பொய் அதோடு சேர்ந்து ஆடிவிடுகிறது. ஒரு வேறுபாடு: குதிரை பொய் என்று ஆட்டத்தின் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இயந்திரத்துக்கு இந்தக் கைத்திறன் வந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 2014ஆம் ஆண்டு இயன் குட்ஃபெலோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு முறையை முன்வைத்தார்கள். இரண்டு நிரல்களை மோதவிடுவதுதான் அது. ஒன்று போலிப் படம் வரையும். மற்றொன்று அது அசலா போலியா என்று கணிக்கும். பிடிபடும்போதெல்லாம் வரைகிற நிரல் தன்னைத் திருத்திக்கொள்ளும். லட்சக்கணக்கான சுற்றுகள் கழித்து, கணிக்கிற நிரலே தடுமாறும் அளவுக்குப் போலி தேறிவிடும். அதாவது, பிடிக்கிறவன்தான் திருடனுக்கு வாத்தியார். பிறகு வேறு முறைகளும் வந்துவிட்டன. ஆனால் அந்த உறவு மாறவில்லை. ஒரு காலத்தில் போலி முகங்கள் கண் சிமிட்டுவதில்லை என்றார்கள், சிமிட்டத் தொடங்கின. பக்கவாட்டில் திரும்பினால் குலைந்துவிடும் என்றார்கள், இப்போது பல திரும்பியும் நிற்கின்றன. தமிழ்க் குரல் போலிகளில் ழகரமும் றகரமும் சறுக்குவதை நான் கவனித்திருக்கிறேன். அமைச்சரின் அந்தக் காணொளியில்கூட "வாழ்க்கை" என்ற சொல் "வால்க்கை" என்றுதான் விழுந்தது. ஆனால் இதை அடையாளமாக யாருக்கும் சொல்லித்தர எனக்கு மனமில்லை. ழகரம் சறுக்கும் மனிதர்கள் நம் ஊரில் குறைவா என்ன?

டீப்ஃபேக் என்ற பெயர் 2017இல் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பிறந்தது. நடிகைகளின் முகத்தை ஆபாசப் படங்களில் ஒட்டியவர்கள் வைத்த பெயர் அது. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகம் வேறொரு பெண்ணின் காணொளியில் ஒட்டப்பட்டு நாடெங்கும் பரவிய பிறகே இங்கே அரசும் ஊடகங்களும் இதைத் தீவிரமாகப் பேசத் தொடங்கின. குரலின் கதை இன்னும் எளிது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், ஒருவரின் குரலைப் பாவனை செய்ய 3 வினாடிப் பதிவு போதும் என்று காட்டினார்கள். மூன்று வினாடி! ஒரு கோயில் திருவிழா ஒலிபெருக்கி அறிவிப்பு, ஒரு கல்யாண வீடியோவில் "வாங்க வாங்க" என்று வரவேற்கும் மாமாவின் குரல், அதுவே போதும். எழுத்தரின் முகத்தை யாரும் திருடமாட்டார்கள் என்று நான் நினைத்தது தவறு என்றேனே, அது இதனால்தான். அவருடைய முகம் ஊருக்கு மதிப்பில்லாமல் போகலாம். அவருடைய தங்கைக்கு அது மதிப்புள்ளது.

நேரலையில் முகம் மாற்றுவது வெறும் கற்பனையா என்றால், இல்லை. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில், ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உறவினரின் அறுவை சிகிச்சைக்கு உடனடியாக 40,000 ரூபாய் வேண்டும். இவரும் விவரமானவர்தான். சந்தேகம் வந்தது. வீடியோ அழைப்பில் முகம் காட்டினார்கள். சில வினாடிகள்தான். அதே முகம், அதே பேச்சு. பணம் அனுப்பினார். மறுபடியும் 35,000 கேட்டபோதுதான் உறைத்தது. உடனே புகார் கொடுத்ததால் பணம் போன கணக்கை முடக்க முடிந்தது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து வந்த செய்தி இதற்கும் மேலே. அரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், நிதித் தலைவர் உள்ளிட்ட சகாக்கள் கலந்துகொண்ட காணொளிக் கூட்டத்துக்குப் பிறகு, 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்ற எல்லோரும் போலி.

கோழிக்கோட்டுக்காரர் செய்தது நாம் எல்லோரும் செய்வதுதான். சந்தேகம் வந்தால் முகத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது. அந்தச் சோதனைதான் இப்போது செல்லாக்காசாகிவிட்டது.

டெல்டாவில் இது இன்னொரு விதத்தில் உறுத்துகிறது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று எந்த ஊரை எடுத்தாலும், வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத தெருவைக் காண்பது கடினம். இந்த வீடுகளில் மகன் என்பவன் ஐந்தங்குலத் திரையில் வரும் முகம். அது நன்றாகவும் வராது. சதுரம் சதுரமாக உடையும், வாய் அசைந்து முடித்த பிறகு சத்தம் வரும், பாதியில் உறையும், நிறம் வெளிறும். பதினைந்து ஆண்டுகளாக அந்த உடைந்த முகத்தையே பிள்ளையின் முகமாகப் பார்த்துப் பழகிய தாய்க்கு, "உதடும் சத்தமும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகப்படுங்கள்" என்று அறிவுரை சொன்னால் அவள் யாரைத்தான் நம்புவாள்? போலியின் குறைகளையெல்லாம் மோசமான சிக்னல் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. மோசடிக்காரன் வேண்டுமென்றே தரத்தைக் குறைத்தால் வேலை இன்னும் சுலபம்.

திருக்குவளையில் பிறந்த கலைஞர் கருணாநிதி 2018இல் மறைந்தார். 2024 ஜனவரியில் கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, அதே குரல் என்று ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். செயற்கை நுண்ணறிவு செய்த காணொளி அது, கட்சிக்காரர்களுக்கும் தெரிந்தேதான் ஒளிபரப்பானது. அரங்கில் இருந்தவர் யாரும் ஏமாறவில்லை. முகத்தில் போலி செய்யக் கடினமான இடம் கண்தான், அவருடைய கறுப்புக் கண்ணாடி அந்தச் சிரமத்தைக் குறைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு தொழில்நுட்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் முன், அதைக் கைதட்டி வரவேற்றவர்களும் நாம்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சித்தப்பாவின் பணம் போன வழிக்கு வருவோம். 1,80,000 ரூபாயை அவர் கைபேசியில் அனுப்பவில்லை. தொகை பெரிது என்பதால் வங்கிக் கிளைக்கே போய், வைப்புத்தொகையை முறித்து, நெஃப்ட் படிவம் நிரப்பிக் கொடுத்தார். படிவத்தின் மறுபாதியை எனக்குக் காட்டினார். நீலப் பேனாவில் அவருடைய அச்சு போன்ற கையெழுத்து. பெறுபவர் பெயர் என்ற இடத்தில் முதலீட்டு நிறுவனத்தின் பெயர் இல்லை. வட மாநிலக் கிளை ஒன்றில் கணக்கு வைத்திருக்கும் ஒரு தனிநபரின் பெயர். "நிறுவனத்தின் பெயர் இல்லையே, கவனித்தீர்களா?" என்று கேட்டேன். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சிட்டாவில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர்" என்றார். முப்பது ஆண்டுகளாக எந்த ஒரு தவறுக்காக விவசாயிகளைத் திருப்பி அனுப்பினாரோ, அதே தவறைத் தன் கையால் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தார்.

முகத்தைப் போலி செய்துவிடலாம். பணம் போய்ச் சேரும் கணக்கு மட்டும் எங்கோ ஒரு வங்கியில், யாரோ ஒருவர் பெயரில் உண்மையாக இருந்தே ஆக வேண்டும். மோசடியின் மிகப் பலவீனமான கண்ணி இதுதான். இதற்காகவே அவர்கள் வாடகைக் கணக்குகளைத் தேடுகிறார்கள். கல்லூரி மாணவர்கள், தினக்கூலிகள், கடனில் இருப்பவர்கள் எனப் பார்த்து, "கணக்கையும் சிம் கார்டையும் ஒரு மாதத்துக்குக் கொடு, கமிஷன் தருகிறோம்" என்பார்கள். விழுந்த பணம் நிமிடங்களில் பத்து இருபது கணக்குகளுக்குச் சிதறும். சில இடங்களில் ஏ.டி.எம்.மில் ரொக்கமாகும், சில இடங்களில் கிரிப்டோ நாணயமாகிக் கடல் தாண்டும். கணக்கை வாடகைக்கு விட்டவனுக்கு அந்த முகமும் தெரியாது, ஏமாந்தவரையும் தெரியாது. ஆனால் போலீஸ் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவைத்தான்.

இந்த வலையில் டெல்டாப் பிள்ளைகளைப் போன்றவர்கள் மறுமுனையிலும் சிக்குகிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப் போய், மியான்மர், கம்போடியா, லாவோஸ் எல்லைகளில் உள்ள மோசடி முகாம்களில் அடைத்து, சொந்த நாட்டவரையே ஏமாற்றச் சொல்லி அடித்து வேலை வாங்குகிறார்கள். 2022இல் மியான்மரில் அப்படிச் சிக்கிய தமிழ் இளைஞர்கள் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். "ஐயா" போட்டுப் பேசிய அந்தப் பெண் எங்கிருந்து பேசினார் என்று நினைத்தால், கோபம் முழுதாக வருவதில்லை.

பணம் சிதறும் முன் பிடிப்பதற்காகத்தான் 1930 என்ற எண். மத்திய உள்துறையின் ஏற்பாடு, 2021 முதல் வங்கிகளோடு இணைக்கப்பட்டிருக்கிறது. புகார் பதிவானதும் பணம் போன கணக்குக்கும், அங்கிருந்து போன அடுத்த கணக்குக்கும் முடக்கச் சொல்லித் தகவல் ஓடும். ஓட்டப்பந்தயம்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் வாய்ப்பு அதிகம், மறுநாள் என்றால் குறைவு. சித்தப்பா வரிப்பணம் கேட்கப்பட்ட நான்காம் நாள்தான் என்னிடமே வாய் திறந்தார். அதற்குள் முதல் கணக்கு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மூன்றாவது கை மாறிய ஒரு கணக்கில் மட்டும் 14,000 ரூபாய் சிக்கியது.

அந்த நான்கு நாள் ஏன் போனது? வெட்கத்தால். ஊரில் எல்லோருடைய நெல்லுக்கும் ஈரம் பார்த்துச் சொன்னவர், தானே ஏமாந்துவிட்டதை எப்படிச் சொல்வார்? சித்திக்குத் தெரியக் கூடாது, மருமகனுக்குத் தெரியக் கூடாது, டீக்கடைக்குத் தெரியவே கூடாது. நகரத்தில் ஏமாந்தவர் முன்பின் தெரியாத அதிகாரியிடம் புகார் கொடுத்துவிட்டு வரலாம். கிராமத்தில் காவல் நிலைய வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே நாலு பேர் கேட்பார்கள். மோசடிக்காரனுக்குக் கிடைக்கும் கூலியில்லாத கூட்டாளி இந்த வெட்கம். 1930க்கு வீட்டுக்குள்ளிருந்தே பேசலாம், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம் என்பதை, காணொளியில் கண் சிமிட்டலை எண்ணுவது எப்படி என்பதற்கு முன்பாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி.

எல்லா ரக இணைய மோசடியும் சேர்த்து 2024இல் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

சட்டம் கைகட்டி நிற்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிறர் அடையாளத்தைத் திருடுவதையும், 66டி கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றன. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 318, 319ஆம் பிரிவுகளும் உண்டு. 2026 பிப்ரவரி 20 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன: செயற்கையாக உருவாக்கப்பட்ட காணொளிகளில் அப்படி என்று தெரியும் அடையாளம் இருக்க வேண்டும், சட்டவிரோதமானவற்றை உத்தரவு வந்த 3 மணி நேரத்தில் தளங்கள் நீக்க வேண்டும். சித்தப்பாவின் கைபேசிக்கு அந்த அமைச்சர் வந்தது அதே மாசியில்தான். அடையாளம் எதுவும் இல்லை. நேர்மையாகப் படம் செய்கிறவன் முத்திரை குத்துவான், திருடன் குத்தமாட்டான். செயற்கை நுண்ணறிவில் தலைவரின் படம் செய்து வாழ்த்துச் சொல்கிறவன் விதியைப் படித்து அஞ்சுவதும், கம்போடியாவில் இருக்கிறவன் சிரிப்பதும்தான் இப்போதைக்கு நடக்கும்.

எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தக் காணொளி யாரோ பகிர்ந்தது அல்ல, காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். கும்பகோணத்தில் ஒரு சுவரில் விளம்பரம் எழுத வேண்டுமானாலும் சுவர்க்காரர், யார், எவர் என்று கேட்பார். கோடிக்கணக்கானவர்களின் கைபேசியில் அமைச்சரின் முகத்தோடு முதலீட்டு விளம்பரம் போடுகிறவரின் பெயரையும் வங்கிக் கணக்கையும் விசாரிக்காமல் காசு வாங்கிக்கொள்வது எந்த ஊர் வணிகம்? நீக்குவதற்கு 3 மணி நேரம் கெடு வைப்பதைவிட, ஏற்றுவதற்கு முன் ஒரு சிட்டா கேட்பது மேல்.

வங்கிகளிடமும் இதே கேள்வி. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர் கணக்கிலிருந்து பணம் போனால் மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவரைக் காக்கிறது. தானே படிவம் நிரப்பி அனுப்பிய சித்தப்பாவுக்கு அதில் இடமில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித்தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி. வாடகைக் கணக்கைத் திறந்துவிட்ட வங்கியும் பாதி கட்ட வேண்டும் என்பதுதான் இதில் கூர்மையான இடம். நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் 2025 ஜூலை முதல் போலீசுக்கே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று நம்பக் காரணம் இருந்து, எவ்வளவு சொல்லியும் அவர் கேட்காவிட்டால், அவருடைய கணக்கையே 30 நாள் வரை கட்டிப்போட வங்கிக்கு உத்தரவிடலாம். இங்கே அப்படிச் செய்தால் தனிமனித உரிமை என்று சண்டை வரும், வரவும் வேண்டும். ஆனால் சித்தப்பா நின்ற அந்தக் கவுன்ட்டரில், "இவ்வளவு ஆண்டு வைத்திருந்த வைப்புத்தொகையை ஏன் முறிக்கிறீர்கள், இந்தப் பெயர் யார்?" என்று ஒரு கேள்வி எழுந்திருந்தாலே போதும். கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். டெல்டாவில் பெரிய தொகைக்கு மக்கள் இன்னும் கிளைக்கு நேரில் போகிறார்கள். தை, மாசியில் நெல் பணம் கணக்கில் விழும். நகைக் கடன் மீட்கும் கூட்டம் வரும். அந்த இரண்டு மாதம் கவுன்ட்டரில் கேட்கப்படும் ஒரு கேள்வி, எந்தச் செயலியும் தராத பாதுகாப்பு.

பெயரை ஒப்பிட இப்போது வழிகள் இருக்கின்றன. யூ.பி.ஐ.யில் அனுப்பும் முன் பெறுபவரின் பெயர் தெரியும். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளிலும் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரும்படி ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பங்கு முதலீடு என்றால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்றவர்களின் யூ.பி.ஐ. முகவரியில் @ குறிக்குப் பின் 'வேலிட்' (valid) என்ற ஆங்கிலச் சொல் வரும், அதை ஒட்டி வங்கியின் பெயர் இருக்கும். அது இல்லாமல் தனிநபர் பெயர் வந்தால், பேசியது அமைச்சராக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். காணொளியையே சோதிக்க நினைப்பவர்கள் 2024 மார்ச்சில் தொடங்கிய டீப்ஃபேக் பகுப்பாய்வுப் பிரிவின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம், தமிழிலும் பதில் தருகிறார்கள். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும் இருக்கிறது. ஆனால் இவை ஊருக்குப் பரவும் காணொளிகளுக்கு. உங்கள் வீட்டுக்கு மட்டும் வரும் முகத்துக்கு உதவாது.

அதற்கு எங்கள் தெருவில் அத்தை ஒருவர் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். அவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். சித்தப்பாவின் கதை எப்படியோ டீக்கடையைத் தாண்டி அத்தையின் காதுக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து பணம் என்ற பேச்சு வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, தன் கைபேசியில் பதிந்து வைத்திருக்கும் மகனின் எண்ணுக்குத் தானே அழைப்பார். அப்போதும் ஒரு கேள்வி கேட்பார். கேள்வி ஒவ்வொரு முறையும் மாறும். சென்ற மாதம் வீட்டு ஓடு மாற்றுவது பற்றி மகனே பேச்சை எடுத்தான், எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்டான். அத்தை துண்டித்துவிட்டுத் திரும்ப அழைத்து, "கொல்லையில் கிணற்றடியில் என்ன மரம் நிற்கிறது?" என்றார். "முருங்கை" என்றான். முருங்கை 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்துவிட்டது, இப்போது அங்கே நிற்பது நாரத்தை. அத்தை போனை வைத்துவிட்டார். அதன் பிறகு அவன் எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. கடைசியில் என் அம்மாவுக்கு அழைத்து, "பெரியம்மா, நான் நான்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று கெஞ்சினான். அம்மா போய்ச் சொன்னார். அத்தை யோசித்துவிட்டு, "முருங்கை விழுந்தபோது அவன் ஊரில் இல்லை, அதுவும் சரிதான்" என்றார். "அடுத்த முறை விழாத எதையாவது கேட்கிறேன்."